புடவைக் கரையில் ஒரு மீசை

ஓர் ஆளைக் கொளுத்தவும் முடியாமல், மாட்டி வைக்கவும் முடியாமல் எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் பெரிய அவஸ்தை. ஆள் என்றால், ஆளின் படம். அத்தையின் கணவர். அத்தை கல்யாணத்துக்காகச் சித்தப்பா கித்தானில் எண்ணெய்ச் சாயத்தால் எழுதிக் கொடுத்தது. பம்பாய் மில்லுக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று சேதி வந்ததும், அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள், படத்தையும் தூக்கிக்கொண்டு.

"இந்த மூஞ்சி இனிமே இந்த வீட்ல இருக்கக் கூடாது" என்றார் அப்பா. அதைச் சொல்வதற்கென்றே தறியை விட்டு எழுந்து வந்தார் என்றால் கோபத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அத்தை கழுத்தில் தாலி இருக்கிறதே. உயிரோடு இருக்கிறவர் படத்தை எரிப்பதும் கிழிப்பதும் ஆகாது. சித்தப்பாதான் வழி சொன்னார். "அதும் மேலயே காமாட்சி அம்மன எழுதிட்றேன்."

ஒரு மனிதர் மேல் எப்படி அம்மனை எழுத முடியும்? பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டுக் கூடத்தில் சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவர் முதலில் படத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவைத்தார். அடுத்து உப்புத்தாள். "மேடா இருக்கிற எடத்தயெல்லாம் நல்லா தேய்க்கணும். இல்லன்னா மேல இன்னா போட்டாலும் அடியில இருக்கிறது எட்டிப் பாத்துக்கினே இருக்கும்." படத்தில் பெரிய மேடு மீசைதான். மாப்பிள்ளை மனம் குளிரட்டும் என்று சித்தப்பா அந்தக் காலத்தில் கறுப்பைத் தாராளமாக அப்பியிருந்தார்.

"குடுப்பா, நான் தேய்க்கிறேன்" என்று அத்தை உப்புத்தாளை வாங்கிக்கொண்டாள். நெற்றி, காது, சட்டைக் காலர் எல்லாம் தூளாக உதிர்ந்தன.

மறுநாள் சித்தப்பா வெங்காயத்தை இரண்டாக வெட்டிப் படம் முழுக்கத் தேய்த்தார்.

"இன்னாத்துக்கு சித்தப்பா வெங்காயம்?"

"எண்ணெப் பிசுக்கு போனாத்தாம்மா புதுச் சாயம் ஒட்டும்."

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர், அத்தையைத் தவிர. பிறகு சித்தப்பா விரலால் படத்தைத் தடவிக்கொண்டே வந்தார். மீசை இருந்த இடத்தில் விரல் நின்றது. அத்தையைப் பார்த்தார். நூல் சுற்றிக்கொண்டிருந்த அத்தை தலை நிமிரவில்லை. சித்தப்பா, பழைய முகம் கண்ணை இழுக்காதிருக்கப் படத்தைத் தலைகீழாகத் திருப்பி, வெள்ளை பூச ஆரம்பித்தார்.

அம்மன் அழகாகவே வந்தாள். அப்பாவே ஆணி அடித்து மாட்டினார். சாயங்காலம் அத்தை விளக்கேற்றி, படத்துக்கு இடப்பக்கமாகச் சுவரை ஒட்டியிருந்த முக்காலியில் வைத்தாள். அப்போதுதான் கவனித்தேன். அம்மனின் புடவைக் கரையில், அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில், தலைகீழாக ஒரு மீசை!

சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். நெய்த புடவையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஓர் இழை தப்பியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவர் அப்பா. அவர் கண்ணில் பட்டால் அம்மனும் தெருவுக்குப் போக வேண்டியதுதான். நல்ல வேளையாக அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கும்பிடுகிறவர்.

முக்காலியை இழுத்து விளக்கைப் படத்துக்கு நேர் எதிரே வைத்தேன். மீசை மறைந்தது. அத்தையைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் விளக்கு பழையபடி இடப்பக்கம் இருந்தது. மாற்றினேன். மறுபடியும் அங்கேயே போயிற்று. ஒருநாள் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வெளக்கு அங்கியே இருக்கட்டும் கண்ணு."

சொல்லிவிட்டு, அந்தப் புடவைக் கரையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், இவ்வளவு நேரம் பார்த்தும் அத்தைக்கு அந்த மீசை தெரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.