மல்லாந்து மிதத்தல்

என் மகளைக் கிணற்றில் போடப்போகிறார்கள் என்று, அரிசி களைந்துகொண்டிருந்தபோது எனக்குத் தெரிந்தது. சொன்னவர் என் மாமியார்.

"சித்திரை பொறந்ததும் அம்முணியக் கெணத்துல போட்டுரலாம். வயசாச்சுல்ல."

கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. அவளுக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் அது வழக்கம். சுரைக்காயைக் குடைந்து காயவைத்த புருடையைக் குழந்தையின் முதுகில் கட்டி, மேல்படியிலிருந்து தண்ணீரில் வீசுவார்கள். குழந்தை மூழ்கும், எழும்பும், அலறும், பிறகு நீந்தும். என் கணவரும் அப்படிப் பழகியவர்தான். நான் அஸ்தம்பட்டியில் குழாயடியில் வளர்ந்தவள். மிதப்பு விதியைப் பள்ளியில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றதில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமோ? ஆனால் எங்கள் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு அவள் விளிம்புவரை ஓடியதைப் பார்த்திருக்கிறேன். பழக்கினாலும் பயம், பழக்காவிட்டாலும் பயம். கடைசியில் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. அவளைப் போடும்போது நான் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் கணவரின் தங்கையிடம், எனக்கு நீச்சல் பழக்கிவிடச் சொன்னேன். சிரித்தாள்.

"நங்கையா, உங்களுக்குப் புருடை பத்தாது. பீப்பாய் வேணும்." அண்ணியை அங்கே நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆண்கள் உண்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கினோம். பெண்கள் கிணற்றில் குளிக்கும் வழக்கப்படி பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டியிருந்தேன். முதுகில் புருடை. கடைசிப் படியிலிருந்து காலை எடுத்ததும் பாவாடைக்குள் காற்று புகுந்து பூரி மாதிரி உப்பி மேலே வந்தது. முழங்கால்கள் வெளியே தெரிந்தன. அங்கே எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. இருந்தும் என் இரண்டு கைகளும் பாவாடையை அமுக்கப் போயின. அமுக்கக் குனிந்தேன். புருடை முதுகை மேலே பிடித்துக்கொண்டது, முகம் உள்ளே போனது. பச்சை இருட்டு. மூக்கில் தீ பிடித்த மாதிரி எரிச்சல். எனக்குத் துணையாகக் கட்டிய பொருளே என்னைக் குப்புறக் கவிழ்த்துப் பிடித்திருந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

நாத்தனார் என் முடியைப் பற்றித் தூக்கினாள்.

"யாரு பாக்கறாங்கன்னு அமுக்கறீங்க? மீனுங்களா?"

அழுதுகொண்டே இருமினேன். மறுநாளும் போனேன்.

"வானத்தப் பாருங்க. வவுத்த மேல தூக்குங்க. கழுத்த வுடுங்க, வுடுங்கன்னா! தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தா காலு கீழதான் போவும்."

கழுத்தை விடுவதுதான் கடினம். அடுப்பில் பால் பொங்குகிறதா, குழந்தை எங்கே என்று எந்நேரமும் எட்டிப் பார்த்த கழுத்து அது. ஒருநாள் விட்டேன். காதுகள் தண்ணீருக்குள் போயின, கால்கள் தாமாக எழுந்தன. மூச்சை இழுத்தால் உடல் உயர்ந்தது, விட்டால் சற்றே தாழ்ந்தது. என் இதயத்தின் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறு சத்தம் இல்லை.

புருடை இல்லாமல் மிதக்கத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம். நாத்தனார் துணி உலர்த்த மேலே ஏறிப் போயிருந்தாள். வீட்டில் மாமியாரோடு தூங்கிக்கொண்டிருந்த மகள் விழித்து, என்னைத் தேடி வந்து, படிகளில் இறங்கியிருக்கிறாள். கடைசிப் படியில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். என் காதுகள் தண்ணீருக்குள் இருந்தன. வெயிலுக்குக் கண்களையும் மூடியிருந்தேன். கூப்பிட்டும் அசையாமல் கிடக்கும் அம்மாவை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

குதித்துவிட்டாள்.

முகத்தில் தண்ணீர் அறைந்து கண் திறந்தேன். பக்கத்தில் ஒரு சின்னக் கை. பழகியதெல்லாம் மறந்துபோயிற்று. நிமிர்ந்து அவளைப் பற்றி, இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கினேன். அவள் உயர்ந்த அளவு நான் தாழ்ந்தேன். தண்ணீருக்கு மேலே தூக்கிய கனமெல்லாம் நம்மைக் கீழே தள்ளும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். கைகளுக்கு அது தெரியவில்லை. கீழே போய்க்கொண்டே அவள் பாதங்கள் உதைப்பதைப் பார்த்தேன்.

எப்படித் தோன்றியதோ, தலையைப் பின்னால் சாய்த்தேன். அவளை இறக்கி என் மார்பின்மேல் மல்லாத்தினேன். வாயைத் தண்ணீர் ஒருமுறை மூடியது. பிறகு இருவரும் மேலே வந்தோம். அவள் என் கழுத்தருகே இருமினாள். நான் இழுத்த மூச்சில் அவளும் உயர்ந்தாள். மேலேயிருந்து குதித்த நாத்தனார் எங்களைப் படிக்கு இழுத்துச் சேர்த்தாள்.

சத்தம் கேட்டு மாமியார் ஓடி வந்தார். படியில் உட்கார்ந்துவிட்டார். குழந்தையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"புள்ள கூப்பிட்டா ஏன்னு ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

கூப்பிட்டவருக்கு அங்கே 'ஏன்' என்றுதான் பதில் குரல் கொடுப்பார்கள். விழுந்ததற்குத் திட்டுவார் என்று நினைத்திருந்தேன். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது.

மகள் என் கன்னத்தைத் தொட்டாள். "நீ செத்துப்போயிட்டீன்னு நெனச்சேன்."

சித்திரைக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை. நாலைந்து நாளில் நானே புருடையை எடுத்து வந்து, அவள் அக்குளுக்குக் கீழே, முதுகில் உயர்த்திக் கட்டினேன். கயிற்றை இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.

"நான் உள்ள எறங்கிக்கறேனுங்கத்தை. நீங்க போடுங்க."

தண்ணீரில் இறங்கித் தலையை மட்டும் உயர்த்திக்கொண்டேன். காது வெளியே இருந்தால் கால் தாழும். தாழ்ந்தது. அரைகுறையாகக் கைகளை அடித்துக்கொண்டு கிடந்தேன். மேலே படியிலிருந்து நாத்தனார், "நங்கையா, கழுத்த வுடுங்க!" என்று கத்தினாள். விடவில்லை.

மாமியார் குழந்தையைத் தூக்கினார்.

"அம்மா!"

"ஏன் சாமி!" என்றேன். அவள் வந்து விழுந்தாள்.