மெதுவா மாஸ்டர் வாங்கிய வேகம்

மாஸ்டர் கார் வாங்கப் போகிறார் என்ற செய்தி நாலு தெரு தாண்டிப் போனபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது மூன்று நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிற மின்சாரக் கார் என்று தெரிந்த பிறகுதான் ஆளாளுக்குக் காதைக் குடைந்துகொண்டார்கள்.

காரணம் உண்டு. அவருக்கு ஊர் வைத்திருந்த பெயர் மெதுவா மாஸ்டர். இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூலின் சின்னக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் பேசியதையெல்லாம் எடைக்குப் போட்டால் பாதி எடை அந்த ஒரு சொல்லுக்கே வரும். கெஞ்சலாகவும் சொல்வார், அதட்டலாகவும் சொல்வார், கண்ணை மூடிக்கொண்டு தனக்குத்தானேயும் சொல்லிக்கொள்வார். அவர் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று இருந்தது. ஊரில் பாதிப் பேர் உயிரோடு நடமாடுவது அந்தப் பிரேக்கின் புண்ணியம் என்பாள் அவர் மனைவி. மீதிப் பாதி பஸ்ஸில் போகிறவர்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு எப்படி அந்த ஆசை வந்தது என்றால், ஒரு மத்தியானம் சிக்னலில் வந்தது. கண் டாக்டர் ஒருவருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. சத்தமே இல்லை. பச்சை விழுந்தது. ஈரக் கையிலிருந்து சோப்பு நழுவுகிற மாதிரி அது நழுவிப் போய்விட்டது. அது நின்றிருந்த இடத்தில் வெயில் மட்டும் மிச்சமிருந்தது. மாஸ்டர் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்திருந்தார், அந்தக் காருக்காக. அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்த டாக்டரின் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

"என்ன மாஸ்டர், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல டாக்டர். போங்க. மெதுவா."

அன்று சாயங்காலமே பதிவு செய்துவிட்டார். அப்பா விட்டுப்போன மூலை மனையை விற்ற பணம் பாங்கில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது, அதைத் தட்டி எழுப்பினார். மூன்று மாதத்தில் கார் வரும் என்றார்கள்.

மூன்று, ஐந்தாயிற்று. ஐந்து, ஏழாயிற்று. போனில் கம்பெனி கொடுத்த ஆப் ஒன்று இருந்தது. அதில் ஒரு கார் படமும் கீழே ஒரு வரியும். ‘தயாரிப்பில் உள்ளது’ என்ற வரி நாலு மாதம் அசையவில்லை. பிறகு ‘கப்பலுக்குக் காத்திருக்கிறது’ என்று மாறியது. மாஸ்டர் அதை ஜுரம் பார்ப்பது போல நாளுக்குப் பத்து முறை பார்த்தார். சுவரில் சார்ஜர் பெட்டியை எப்போதோ மாட்டியாகிவிட்டது. கார் நிற்க வேண்டிய இடத்தில் அதன் பச்சை விளக்கு வெறும் சிமெண்டுத் தரையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

போன் கடை வைத்திருக்கும் மைத்துனனுக்கு இது நல்ல தீனி.

"பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி பேர் வைக்கறதக் கேள்விப்பட்டிருக்கேன் அத்தான். நீங்க பள்ளிக்கூடத்துலயே சேத்துட்டு வந்திருக்கீங்க."

"சிரிடா. வந்து நிக்கும்போது பாரு."

"வரட்டும். அதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான், அவன கூட்டிட்டு வந்து பாக்கறேன்."

ஒவ்வொரு தாமதத்துக்கும் மாஸ்டர் ஷோரூமுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். முதலில் ஏதோ மென்பொருள் கோளாறு என்றார்கள். அடுத்து துறைமுகத்தில் நெரிசல். மூன்றாவது முறை அவர் கேட்ட சாம்பல் நிறப் பெயின்ட் தீர்ந்துவிட்டது என்றார்கள். "நிறம் தீந்துடுச்சா? வானம் இருக்கே, அங்கேர்ந்து எடுத்துக்கங்க" என்று கத்தினார். ஆனால் மனைவி ஒன்றைக் கவனித்தாள். தாமதச் செய்தி வந்த ராத்திரிகளில்தான் மனிதர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார், படுத்ததும் தூங்கினார். கப்பல் கிளம்பப்போகிறது என்ற செய்தி வந்தால் தட்டில் பாதி அப்படியே இருக்கும்.

விஷயம் இதுதான். டிரைவிங் மாஸ்டர் கார் ஓட்டிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் கணக்கு எளிது. காலை ஆறு மணிக்கு முதல் மாணவர் அவர் வீட்டு வாசலுக்கே வந்து காரை எடுப்பார். நாள் முழுக்க யாராவது ஒருவர் ஓட்டிக்கொண்டிருப்பார். கடைசி மாணவர் அவரை வீட்டில் இறக்கிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்குப் போவதென்றாலும் நெடுஞ்சாலைப் பயிற்சி என்று ஒரு மாணவரைப் பிடித்துவிடுவார். ஸ்டியரிங்கைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. பதிவு செய்த இரண்டாம் வாரம், மாணவர் வராத ஒரு காலையில், காரைக் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோகலாமென்று தானே ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்தார். மூன்று முறை வண்டி இருமி நின்றது. நாலாவது முறை எகிறி, எதிரே பழ வண்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பழக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், யார்கிட்டயாவது கத்துக்கிட்டு அப்புறம் எடுக்கலாமே."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மாஸ்டருக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது.

இதற்கு நடுவே ஒரு வீறாப்பு வேறு பேசியிருந்தார். காரை லாரியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கித் தருகிறோம், இலவசம் என்று ஷோரூம்காரர்கள் சொன்னதற்கு, மைத்துனனும் தெருவில் நாலு பேரும் கேட்க, "எதுக்கு? கல்யாண மாப்பிள்ளைய ஸ்ட்ரெச்சர்ல கூட்டிட்டு வர்ற மாதிரியா? நானே ஓட்டிட்டு வருவேன்" என்று சொல்லிவிட்டார். வாயிலிருந்து போன சொல்லும் கையிலிருந்து போன கல்லும் திரும்பாது.

அந்தச் சமயத்தில் அவரிடம் படித்துக்கொண்டிருந்தவர்களில் தையல்கார அம்மாவும் ஒருத்தி. ஐம்பதை நெருங்கும் வயது, கழுத்தில் அளவு டேப், வாயில் எப்போதும் ஒரு பதில். லைசென்ஸ் தேர்வில் நாலு முறை தோற்றிருந்தாள். நாலு முறையும் ஒரே குற்றம்: நிறுத்த வேண்டிய இடத்தில் மிதியிலிருந்து காலை எடுப்பாள். எடுத்துவிட்டு, கார் தானாக நிற்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். கார் தன் பாட்டுக்கு உருண்டு போய்த் தேர்வு அதிகாரியின் நாற்காலியைத் தேடும்.

"பிரேக், பிரேக்" என்று மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். "அம்மா, எத்தன தடவ சொல்றது. காலை எடுத்தா வண்டி நிக்காது."

"என் மிஷின் நிக்குதே."

"என்ன மிஷின்?"

"தையல் மிஷின். மோட்டார் வச்சது. மிதிச்சா ஓடும், எடுத்தா நிக்கும். எவ்வளவு மிதிக்கறேனோ அவ்வளவு வேகம். முப்பது வருஷமா கால் அப்படித்தான் பழகியிருக்கு. உங்க காருதான் புத்தி கெட்ட காரு மாஸ்டர், காலை எடுத்தப்புறமும் ஓடுது."

மாஸ்டர் திட்ட வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். புதுக் காரோடு வரும் கையேட்டைக் கம்பெனி முன்பே அனுப்பியிருந்தது. அதை அவர் மூன்று முறை படித்திருந்தார். அதில் இதே வரிதான் இருந்தது. ஒரே மிதி. மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் தானே நிற்கும். தனி பிரேக் உண்டு, ஆனால் அது ஆபத்துக்குத்தான்.

அங்கேதான் அவருடைய நிஜப் பயம் குடியிருந்தது. பயந்தால் மிதிக்கிற கால் அவருடையது. நாய் குறுக்கே வந்தால் மிதிக்கும், பந்து உருண்டால் மிதிக்கும், சிக்னலில் இன்னொருவன் பறந்தால்கூட மிதிக்கும். இருபத்தாறு வருடமாக அந்தக் காலுக்கு வேறு வேலையே இல்லை. இந்தக் காரில் பயந்து மிதித்தால் மூன்று நொடியில் நூறு.

அன்று பாடம் முடிந்ததும் அவர் இறங்கவில்லை.

"அம்மா, உங்க மிஷின்ல நான் கொஞ்சம் பழகிக்கலாமா?"

தையல்கார அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள், அளவெடுப்பது போல. அவர் காரணத்தைச் சொல்ல, முழுதும் கேட்டாள். சிரிக்கவில்லை, பிற்பாடு தனியாக உட்கார்ந்து சிரித்திருப்பாள். "மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க. கடையில ஆள் இருக்காது. தலகாணி உறைதான் குடுப்பேன், நல்ல துணியில கை வைக்கக் கூடாது" என்றாள்.

மறுநாளிலிருந்து மாஸ்டர் தலையணை உறை தைத்தார். முதல் நாள் தையல், குடித்தவன் வீடு திரும்பிய தடம் போல் இருந்தது. ஒரு வாரத்தில் கோடு நேரானது. அதற்குப் பிறகுதான் அந்த அம்மா உண்மையான பாடத்தைத் தொடங்கினாள். அவர் கவனமாகத் தைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கத்திரிக்கோலைத் தகரத் தட்டில் போடுவாள். "மாடு" என்று காதருகே கத்துவாள். பயந்த மாஸ்டரின் கால் மிதிக்கும், ஊசி பேய் பிடித்த மாதிரி ஓடும், நூல் அறுந்து சுருண்டு தொங்கும்.

"போச்சு. மாடும் போச்சு, நீங்களும் போனீங்க. பயந்தா காலை எடுக்கணும் மாஸ்டர்."

"எடுக்கணும்னுதான் நினைக்கிறேன். கால் கேக்க மாட்டேங்குது."

"மெதுவா" என்றாள் அவள், அவர் குரலிலேயே. மாஸ்டருக்கு முதல்முறையாக அந்தச் சொல் எப்படிக் குத்தும் என்று தெரிந்தது.

மூன்றாம் வாரம் ஒரு ‘பஸ்’ஸுக்குப் பயந்து மிதித்ததில், அவருடைய சட்டைக் கையும் தலையணை உறையும் ஒன்றாகத் தைத்துக்கொண்டன. பிரித்தெடுத்தார்கள். ஆனால் பிரித்த தையலின் ஓட்டைகள் வரிசையாகச் சட்டையில் இருந்தன. துணி துவைக்கிறவளின் கண் அதைத் தாண்டிப் போகுமா? மறுநாள் ரெண்டே கால் மணிக்கு மனைவி தையல் கடை வாசலில் நின்றாள். உள்ளே கணவர் நாக்கைத் துருத்திக்கொண்டு மஞ்சள் பூப்போட்ட உறை ஒன்றின் மூலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. "வேலைய மாத்திட்டீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

மாஸ்டரின் கால் மிதியிலிருந்து எழும்பியது. மிஷின் அப்படியே நின்றது.

"பாத்தீங்களா" என்றாள் தையல்கார அம்மா. "நான் ரெண்டு வாரமாக் கத்தறேன். நீங்க ஒரு தடவ வந்து நின்னதும் கால் கேட்டுக்குச்சு."

மாஸ்டர் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். பதினான்கு வருடம் என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. மனைவி, அங்கே அடுக்கி வைத்திருந்த உறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்களோட கார்ல போயிருக்கேன். எப்பவும் பின் சீட்டு. முன்னாடி யாரோ ஒரு படிக்கிற பிள்ள, அதுக்குப் பக்கத்துல நீங்க. உங்க பின்மண்டையில எத்தன மயிர் உதுந்திருக்குன்னு கணக்கு சொல்லுவேன். உங்களுக்குப் பக்கத்துல உக்காந்து ஒரு தெரு போனதில்லைங்க நான்."

மாஸ்டர் கையிலிருந்த உறையை மடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

"இந்த மஞ்சப் பூ உறை நல்லா வந்திருக்கு. இத எடுத்துக்கறேன்" என்றாள் மனைவி, போகும்போது.

அதற்குப் பிறகு தாமதச் செய்தி வந்தபோது மாஸ்டர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை. ‘கப்பலில் உள்ளது’ என்று வரி மாறிய அன்று நாலு உறை தைத்தார். தையல்கார அம்மா பாத்திரக் கூடையையே கீழே போட்டுப் பார்த்தாள். கால் எழும்பியது. அந்த அம்மா ஐந்தாவது தேர்விலும் தோற்றாள். "எனக்கும் கரண்டு காருதான் சரிப்படும் போல" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

எட்டாம் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கார் கைக்கு வந்தது. ஷோரூம் பையன் ஒரு அட்டையைக் கொடுத்து, இதுதான் சாவி என்றான். மாஸ்டர் பெருமிதமாகக் கதவைத் திறந்து உட்கார்ந்தார், பெல்ட்டைப் போட்டார், காலடியில் பிரேக்கைத் தேடினார்.

"சார்" என்றான் அவன், மிகவும் மரியாதையாக. "ஸ்டியரிங் அந்தப் பக்கம்."

மனைவி கதவருகே காத்திருந்தாள். அவர் இறங்கினார், சுற்றிப் போனார். அவர் காலிசெய்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, முன் கண்ணாடி வழியாகத் தெருவை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். இந்த ஊர் முன்பக்கத்திலிருந்து இவ்வளவு அகலம் என்று அவளுக்குத் தெரியாது.

கார் நகர்ந்தது. மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். பின்னால் ஹாரன்கள் கல்யாண வீட்டு மேளம் போல் சேர்ந்து முழங்கின. ஒரு சைக்கிள்காரர் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, பரிதாபப்பட்டார். மாஸ்டர் மூச்சுவிடுவதையே தவணை முறையில் செய்துகொண்டிருந்தார். மார்க்கெட் முனையில், எங்கிருந்தோ ஒரு மினி பஸ் மூக்கை நீட்டியது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

கால் எழும்பியது.

கார் நின்றது. பஸ் போயிற்று. மாஸ்டர் குனிந்து தன் காலையே பார்த்தார், வெகுநாள் சண்டைக்குப் பிறகு பேச வந்த தம்பியைப் பார்ப்பது போல.

"நின்னுடுச்சுங்க" என்றாள் மனைவி.

"நிறுத்தினேன்" என்றார் மாஸ்டர்.

ஊருக்கு வெளியே சுற்றிவரும் சாலையில் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. வீட்டுக்கு அது சுற்று வழி. இருந்தாலும் அந்தப் பக்கம் திருப்பினார். "பெல்ட் போட்டிருக்கியா?" என்று கேட்டார். அவள் தட்டிக் காட்டினாள். மிதித்தார். முழுசாக அல்ல, பாதிதான். இருவர் தலையும் இருக்கையில் போய் ஒட்டிக்கொண்டன. சாலையோரத்து மரங்கள் கூட்டமாகப் பின்னால் ஓடின. ஒரு சத்தமும் இல்லை. அவர் மனைவி மட்டும் ஒரு சத்தம் போட்டாள். அது பயமா சிரிப்பா என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குரலை அவர் இதற்கு முன் கேட்டதில்லை. காலை எடுத்தார். மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து தங்கள் இடத்தில் நின்றன.

"இன்னொரு தடவ" என்றாள் அவள், கலைந்த தலையைத் தொடாமல்.

இன்னும் நாலு தடவை ஆயிற்று.

அவர்கள் தெருவுக்குள் திரும்பியபோது வீட்டு வாசலில் ஒரு கூட்டமே நின்றது. மைத்துனன் போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுக்கத் தயாராயிருந்தான். பழக்காரர் வண்டியை முன்யோசனையோடு சுவரோரம் தள்ளிவைத்திருந்தார். கண் டாக்டர் வந்திருந்தார். தையல்கார அம்மா மட்டும் கூட்டத்துக்கு இந்தப் பக்கம், தெருவை நன்றாகப் பார்க்கும்படி நின்றிருந்தாள். மைத்துனன் வாசலைக் காட்டி, உள்ளே வாங்க என்று கையை விரித்தான்.

கார் வாசலுக்கு வந்தது. ஒரே சீராக, யாரையும் பயமுறுத்தாமல், வாசலைக் கடந்து போயிற்று. மைத்துனனின் விரித்த கை அப்படியே நின்றது.

தெரு முனையில் மனைவி திரும்பிப் பார்த்தாள். "வீடு தாண்டிடுச்சுங்க."

"தாண்டட்டும்" என்றார் மாஸ்டர், பெரிய சாலைப் பக்கம் திரும்பும் விளக்கைப் போட்டபடி. "அது எங்க போயிடப் போகுது."