மண்ணின் மூச்சை அளந்த இந்திராணி மேடம்

செய்தி வந்தபோது நான் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பஞ்சர் கடை வாசலில் நின்றிருந்தேன். கல்லூரி அலுவலகத்திலிருந்து போன். “முருகேசன், தாவரவியல் இந்திராணி மேடம் காலையில தவறிட்டாங்க.” கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு ஓடவும் தோன்றவில்லை, உட்காரவும் தோன்றவில்லை. ஒட்டி முடிகிற வரை நின்று, பின் சக்கரத்துக்கும் கொஞ்சம் காற்று அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவசரத்தில் நான் எவ்வளவு உபயோகமான ஆள் என்பது மேடத்திடம் படித்த உங்களுக்கெல்லாம் தெரியும்.

இந்த நினைவு மலருக்கு ஆய்வக உதவியாளனான என்னையும் எழுதச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் மட்டும் மூன்று தடவை தோற்றவனை அறிவியல் ஆய்வகத்திலேயே வேலைக்கு வைத்தது யாருடைய யோசனையோ! எழுத்துப் பிழைகளை என் மகள் செல்வி திருத்தித் தருவாள். மற்ற பிழைகள் என்னுடையவை.

மேடம் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது மண்ணில் வாழும், கண்ணுக்குத் தெரியாத உயிர்களை. நன்மங்கலம் காட்டுக்குள் களாவும் சூரையுமாய் முட்புதர் அடர்ந்த ஓரிடம், காட்டுக்கு வெளியே ஆடு மேயும் பொட்டல், அதற்கும் அப்பால் மனை போட்டுக் கல் நட்ட இடம். மழையில், பனியில், கோடையில், மறுபடி மழைக்கு முன்பு என்று வருடத்துக்கு நான்கு முறை மூன்று இடத்திலும் மண் எடுக்க வேண்டும். இரண்டு வருடம். “வெளிநாட்டுல ஓக் மரக் காட்டையெல்லாம் இப்படித் துருவிப் பாத்திருக்காங்க, முருகேசன். நம்ம களாப் புதருக்கு அடியில யார் குடியிருக்காங்கன்னு ஒருத்தரும் கேக்கல” என்பார்.

பொட்டலில் ஆடு மேய்த்த அஞ்சலைக்கு எங்களைக் கண்டால் ஒரே குஷி. “இன்னாண்ணா, டாக்டரம்மா இன்னிக்கும் மண்ணுக்கு ஜொரம் பாக்க வந்துக்கீறாங்களா? என் முட்டியையும் கொஞ்சம் பாக்கச் சொல்லேன்.”

“முட்டிக்கு வேற டாக்டர், அஞ்சலை. நான் உன் ஆட்டுப் புழுக்கைக்கு டாக்டர்” என்று மேடம் குனிந்தபடியே பதில் சொன்னார்.

எடுத்த மண்ணை ஜாடியில் போட்டு, உள்ளே சின்னக் குப்பியில் ஒரு கரைசலை வைத்து இறுக்க மூடுவார். அந்த உயிர்கள் விடும் மூச்சைக் கரைசல் பிடித்துக்கொள்ளும். அதை அளப்பார். புதர் மண் கோடையிலும் மெல்ல மூச்சு விட்டது. மனை மண் மழை பட்டதும் வேகமாக இழுத்து விட்டு, சில நாளில் அடங்கிவிட்டது. பொட்டல் மண் ஒரு பருவத்தில் காட்டைப் போலவும் மறு பருவத்தில் மனையைப் போலவும் நடந்துகொண்டது. மேடத்துக்கு அதன் மேல்தான் கண். “இது பிழைக்குமா போகுமான்னு கடைசி மண்ணுதான் சொல்லணும்” என்றார்.

அந்தக் கடைசி மண், இரண்டாம் வருடத்து மழைக்கு முந்தைய மண், ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. பைகளைக் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டு, நான்கு நாள் விடுமுறை முடிந்து பார்க்கிறேன் என்று மேடம் பொழிச்சலூருக்கு, தன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் வழக்கம்போல ஆய்வகத்தைத் துடைத்து, மைக்ராஸ்கோப்பிலிருந்து மண் தோண்டும் குழாய் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூஜை நாளில் ஆயுதங்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமல்லவா? வருடம் முழுக்க உறுமிக்கொண்டிருக்கிற குளிர்பெட்டியைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. அதற்கும் பொட்டு வைத்து, பிளக்கைப் பிடுங்கி, கற்பூரம் காட்டி, அறையைப் பூட்டிக்கொண்டு போனேன். பக்தியில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

திங்கட்கிழமை மேடம் பெட்டியைத் திறந்தார். அடித்த வாடை வாசல் வரை வந்தது.

“முருகேசன், இதை யார் அணைச்சது?”

“நான்தான் மேடம். பூஜைக்கு.”

கதவில் இருந்த பொட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்று, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“மறுபடி எடுத்துட்டு வந்துடலாம் மேடம்” என்றேன். இரண்டு நாளாக மழை பெய்திருந்தது. மழைக்கு முந்தைய மண் இனி எங்கே கிடைக்கும்? அப்படியும் அவர் என்னோடு கிளம்பி வந்தார். பொட்டலில் ஜேசிபி நின்றது. மேல்மண்ணை வழித்து ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். அஞ்சலை தூரத்திலிருந்தே கை விரித்தாள். “இங்க இன்னாம்மா கீது? அல்லாத்தையும் வாரிக்கினு பூட்டானுங்க.” அடுத்த வருடம் எடுக்கலாம் என்று நான் சொல்லத் தயாராக வைத்திருந்த ஆறுதலும் அதோடு போயிற்று.

சக பேராசிரியர் ஒருவர், போன வருடத்து எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் போட்டுவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். நான் மனதுக்குள் அவரைக் கும்பிட்டேன். மேடம், “எனக்குத் தெரியுமே சார்” என்று மட்டும் சொன்னார். அட்டவணையில் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டே ஆய்வேட்டை முடித்தார். அந்த மண்ணை ஏன் மறுபடி எடுக்கவில்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து கேள்வி வந்தது. வாய்மொழித் தேர்வில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அதற்குள் படுத்துவிட்டார்.

மருத்துவமனைக்கு இளநீரோடு போனேன். அவருக்கு எதுவும் குடிக்கக் கூடாதாம். அதையும் முன்னாலேயே கேட்டுக்கொண்டு போகத் தெரியவில்லை எனக்கு.

“மழை பெய்ஞ்சுதா, முருகேசன்?”

“சேலையூர்ல நல்ல மழை மேடம்.”

“காட்டுப் பக்கம்?”

“தெரியல மேடம்.”

“சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார். இளநீரை அடுத்த கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிப்பதற்கு முன் போய்விட்டார்.

போன வாரம் இந்த மலருக்காகத் துறையிலிருந்த ஆய்வேட்டுப் பிரதியை வாங்கிவந்து செல்வியைப் படிக்கச் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் பஸ் போர்டு அளவுக்குத்தான். காலிக் கட்டங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

“ஆய்வாளரின் கவனக்குறைவால் மாதிரிகள் கெட்டுப்போயின” என்று தமிழில் சொன்னாள்.

“ஆய்வாளர்னா உதவியாளரையும் சேத்துதானே?”

“இல்லப்பா. மேடம் மட்டும்தான்.”

“மாத்த முடியுமா?”

“பைண்ட் பண்ணி யுனிவர்சிட்டிக்கே போயிடுச்சுப்பா.”

அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். மேடத்திடமிருந்து எனக்கென்று இருப்பது மூன்று காலிக் கட்டங்களும் அந்த ஒரு வரியும்தான். ஆய்வேட்டைத் திறந்து பார்க்கப்போகிறவர்கள் யாரும் இந்த மலரைப் படிக்க மாட்டார்கள். அது தெரிந்தேதான் எழுதுகிறேன். குளிர்பெட்டியை அணைத்தவன் நான்.