அக்கா வாங்க மறுத்த பாரை மீன்

எம் அன்புக்குரிய அக்கா எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகின்றது. இந்நினைவு மலரைக் கையிலேந்தும் உறவினரும் நண்பரும் முதற்கண் ஒன்றைப் பொறுத்தருள வேண்டும். நான் நேரிற் கண்டவற்றையும், கண்டவர்கள் என்னிடம் உறுதி செய்தவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகின்றேன். நினைவு மலர்களில் மறைந்தவர் யாவரும் பிழையே செய்யாதவராகி விடுகின்றனர். அக்கா அதனை விரும்பார். அறியாத ஒன்றை அறிந்தவர்போற் சொன்னமைக்காக ஒருமுறை அவர் பட்ட துயரத்தை அருகில் நின்று கண்டவன் நான்.

அக்கா மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயிற் பிறந்தார். திருமுழுக்குப் பதிவேடு அதற்குச் சான்று. ஐயா கடற்றொழில் செய்தவர். பிள்ளைகள் ஐவரில் மூத்தவர் அக்கா, கடைசி நான். போர்க்காலத்தில் படகேறி அக்கரையில் தமிழ்நாடு சேர்ந்தோம். அங்கு முகாமில் அக்கா பனையோலைப் பெட்டி இழைத்து விற்றார். வாங்க வந்த ஒருவர் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாரேயன்றி, இழைத்தவரின் முகத்தை ஒருமுறையேனும் பார்க்கவில்லை என அவர் சொன்னது என் நினைவில் உள்ளது. பிற்காலத்தில் அவர் கைக்கொண்ட வழக்கங்களுக்கு அதுவே வித்து எனச் சிலர் கூறுவர். அக்கா அப்படிக் கூறி நான் கேட்டதில்லை.

ஊர் திரும்பியபின் திருமணமாகி மன்னார் நகரிற் குடியேறினார். ஓய்வுபெறும்வரை கூட்டுறவுச் சங்கக் கடையிற் பணிபுரிந்தார். அத்தான் முந்தியே காலமாகிவிட்டார். ஒரே மகளை அக்கா தனித்தே வளர்த்து ஆளாக்கினார்.

அக்காவுடன் கடைக்குப் போவதற்குப் பொறுமை வேண்டும். எதனை வாங்கினாலும், செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்று கேட்பார். நிலத்திற் சாக்கு விரித்து விற்பவரிடம் விலை குறைத்துக் கேட்கமாட்டார். முட்டை சுமந்த சினை நண்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடமாட்டார். ஒருநாள் தேயிலைப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இந்தக் கொழுந்து பறிச்ச பிள்ளையளுக்கு ஒழுங்கான சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"அக்கா, நான் மன்னாரிலை கடைதான் வைச்சிருக்கிறன். மலைநாட்டிலை தோட்டம் வைச்சிருக்கேல்லை," என்றார் அவர்.

"வைச்சிருக்கிறவனிட்டைக் கேட்டுச் சொல்லு. அதுவரைக்கும் மல்லித்தண்ணி குடிக்கிறன்."

அக்காவின் வீட்டுக்கு வந்த விருந்தினர் பலர் அந்நாட்களில் மல்லித்தண்ணீர் பருகியே திரும்பினர். அவர்களுள் இம்மலரைப் படிப்போரும் உளர்.

ஆயினும் அவருடைய கண்டிப்பு முழுதும் மீனிலேதான் இருந்தது. கடலில் வெடி வைத்துப் பிடித்த மீனை அவர் வாங்கவே மாட்டார். "அவன் பிடிக்கிறது பத்து. கொல்லுறது குஞ்சும் குருமனுமா ஆயிரம்," என்பார். வெடியில் இறந்த மீனுக்கு நடுமுள் முறிந்திருக்கும், வயிறு தளர்ந்திருக்கும். ஆகையால் மீனின் முதுகை விரல்களால் நீள அழுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். வழமையாக அவர் மீன் வாங்கியது றெஜினா என்னும் பெண்ணிடம். கணவர் நோயிற் கிடக்க, சந்தையில் மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர்.

"அக்கா மீன் வாங்க வாறாவோ, பிரேத பரிசோதனை செய்ய வாறாவோ?" என்று றெஜினா கேட்கச் சந்தை சிரிக்கும். அக்காவும் சிரிப்பார், விரல்கள் மட்டும் மீனின் முதுகை விட்டு எழா.

ஒருநாள் றெஜினாவிடம் இருந்தவை விடத்தல்தீவிலிருந்து வந்த பாரை மீன்கள். குடையைப் பிடித்தவாறு நான் அக்காவின் அருகில் நின்றேன். முதல் மீனை அழுத்தினார், முள் முறிந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. அக்காவின் முகம் மாறியது.

"இது வெடி மீன். ஒருத்தரும் வாங்காதேங்கோ!"

"ஐயோ அக்கா, சத்தியமா இல்லை. கண்ணைப் பாருங்கோ, செவுளைப் பாருங்கோ!"

"கண்ணை விடு பிள்ளை. முள்ளு பொய் சொல்லாது."

அக்காவின் சொல்லுக்குச் சந்தையில் மதிப்பிருந்தது, அதுவே கேடாயிற்று. வாங்கியிருந்த இருவர் மீனைத் திருப்பிக் கொடுத்தனர். நாங்கள் புறப்பட்டபோது றெஜினாவின் முன் ஒருவரும் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, மீன் ஏற்றும் முச்சக்கர வண்டியின் சாரதி எம்மைக் கண்டு நின்றார். "அக்கா, அண்டைக்கு என்ரை ஓட்டோ பாலத்தடியிலை பிரண்டு, ஐஸ் பாளம் முழுக்க மீன் பெட்டிக்கு மேலை விழுந்தது. முள்ளு முறியாமல் என்ன செய்யும்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார். இதனை எழுதுமுன் அவரை மீண்டும் கேட்டேன். அவ்வாறே சொன்னார்.

எவர் செய்தது, எப்படி வந்தது என்று உலகம் முழுவதையும் கேட்ட அக்கா, கேட்க வேண்டிய அந்த ஒருநாளிற் கேட்கவில்லை.

மறுநாட் காலை, சனம் நிறைந்த அதே வேளையில் சந்தைக்குப் போனார். றெஜினாவின் முன் நின்று, "அது வெடி மீன் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னனான். அது என்ரை பிழை," என்றார்.

றெஜினா தலை நிமிரவில்லை. "அண்டைக்குச் சத்தமாச் சொன்னியள். இண்டைக்கு மெல்லமாச் சொல்லுறியள்."

அக்கா திரும்பி நின்றார். சந்தை முழுவதும் கேட்க, அதே சொற்களை மீண்டும் சொன்னார். கத்தியும் தராசும் ஓய்ந்தன. பின், விலைப்படாத பாரையை என்ன செய்தீர் என்று வினவினார்.

"கருவாடு போட்டனான். வேறை என்ன செய்யிறது?"

அந்தக் கருவாடு முழுவதையும் அக்கா வாங்கினார். பல வாரங்கள் அவர் வீட்டில் அதுவே கறி.

அதன்பின்னும் வெடி மீனை அவர் வாங்கியதில்லை. முதுகை அழுத்திப் பார்ப்பதையும் விட்டதில்லை. ஐயம் எழுந்தால் மட்டும் குனிந்து, விற்பவருக்கு மாத்திரம் கேட்கும்படி, "இது எப்பிடி வந்தது பிள்ளை?" என்பார். பதில் வரும்வரை காத்திருப்பார்.

இறுதி மாதங்களில் அக்காவால் சந்தைக்குச் செல்ல இயலவில்லை. றெஜினா கிழமைதோறும் மீன் கொண்டுவந்தார். படுக்கையில் இருந்தவாறே அக்கா அதன் முதுகைத் தடவுவார். மகளின் கை தம் கையிலிருக்க, ஒரு விடியற்பொழுதில் அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

அக்காவை இரவு பகலாகப் பேணிய அவர் மகளுக்கும், மருத்துவர் தாதியருக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த பங்குத் தந்தைக்கும், பந்தலிட்ட அயலவருக்கும், பிரேதம் வீட்டில் இருந்த நாளிற் கடையைப் பூட்டிவிட்டு வந்த தேயிலைக் கடைக்காரருக்கும், றெஜினாவுக்கும் எம் குடும்பத்தின் நன்றி உரியது.

அறியாதவற்றையும் சொல்லி முடிக்கின்றேன். வண்டி புரண்டது உண்மை. ஆயினும் அந்தப் பாரைகள் எந்தக் கடலில், எவர் கையால், எவ்வாறு பிடிபட்டன என்பது அக்காவுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. அக்காவை மன்னித்தீர்களா என்று இம்மலருக்காக றெஜினாவிடம் கேட்டேன். "மீன் நல்லதோ எண்டு கேளுங்கோ, சொல்லுறன்," என்றார். அதற்குமேல் நான் அறியேன்.