மிஷனரியம்மாவின் மூன்று மணி ஜெபம்

என் வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் தெருவில் எல்லோரும் மிஷனரியம்மா என்பார்கள். நான் அண்ணி என்பேன். கோபம் வந்தால் அதுவும் கிடையாது, "இந்தாங்க" என்பதோடு சரி. அவரும் அவர் கணவரும் வெளிநாட்டில் வெகுகாலம் ஊழியம் செய்தவர்கள். கணவர் அங்கேயே காலமாகிவிட, இரண்டு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இல்லை. நான் வேலை பார்க்கும் சலவை நிலையத்திலேயே சேர்ந்து, ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். அவர் தேய்ப்பார், நான் மடிப்பேன்.

ஊழியத்தை விட்டாரா என்றால் அதுதான் இல்லை. கடல் கடந்த நாடுகளில் இறையியல் கல்லூரியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளை மிஷன் சங்கம் இவரைப் போன்றவர்களிடம் ஒப்படைக்கும். நம் மொழி பேசும் பிள்ளையாகப் பார்த்து இவருக்குத் தருவார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு அந்தப் பிள்ளைக்குப் போய்விடும். அதுபோக ஜெபம். "பிள்ளையை ஆசீர்வதியும்" என்று பொத்தாம்பொதுவாக முடிக்கவும் மாட்டார். செருப்பு அறுந்துவிட்டதா, செருப்பு கேட்பார். எபிரெய எழுத்து மண்டையில் ஏறவில்லையா, ஒவ்வொரு எழுத்தாக ஏற்றச் சொல்வார். "ஆண்டவருக்கு வேற வேலையே இல்லையா அண்ணி?" என்று கேட்டால், "இதுதாம்மா அவருக்கு வேலை" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியாக இவரிடம் ஒப்படைக்கப்பட்டவன் அப்படியொரு தூரதேசத்து மலையூர் இளைஞன். கல்குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்தவன். வாயால் கேட்டால் எதற்கும் கடகடவென்று பதில் சொல்வானாம். வினாத்தாளைக் கண்டால் மட்டும் கை நடுங்கும், உடம்பெல்லாம் வியர்க்கும், எழுந்து ஓடிவிடுவான். இரண்டு தடவை அப்படி ஓடியாகிவிட்டது. இந்த முறையும் ஓடினால் கல்லூரியில் இடமில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் பழையபடி குவாரிதான். "காலையில பத்து மணிக்குப் பரீட்சை, ஜெபம் பண்ணிக்குங்கம்மா" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தான். அதைக் கேட்டதிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே காலை பத்து என்றால் இங்கே பிற்பகல் மூன்று என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மூன்று அடித்ததும் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு, அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தேய்க்க வேண்டிய விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. "நல்ல நேரம் பார்த்தீங்க போங்க" என்று முணுமுணுத்தபடி பெட்டியை நான் எடுத்தேன். நீராவிச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"ஆண்டவரே, அவன் எழுந்துடக் கூடாது. உட்கார்ந்த இடத்துலயே அவனைப் பிடிச்சு வையும். கால் ரெண்டையும் கட்டிப்போடும். பயந்து ஓடுற பிள்ளைன்னு உமக்கே தெரியும். எழுந்திருக்க விடாதேயும்."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்து மேசைக்காரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். முதலாளி எட்டிப் பார்த்தார், அண்ணியின் முகத்தைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பிள்ளையிடமிருந்து பேச்சு மூச்சில்லை. அண்ணி கைப்பேசியும் கையுமாக அலைந்தார். ஒரு விடுமுறை நாள் காலையில் அவனே அழைத்தான். நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"அம்மா, நான் மறுபடியும் ஓடிட்டேம்மா."

அண்ணி கைப்பேசியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"பேப்பரைப் பார்த்ததும் எழுந்து வந்துட்டேன். வெட்கத்துல போனை அணைச்சுட்டு, பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல போய் உட்கார்ந்துட்டேன். எங்க ஊருக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒரே ஒரு பஸ். பஸ்ஸும் வந்துச்சு. ஏறலாம்னு பார்க்கிறேன், எழுந்திருக்க முடியலம்மா."

"ஏம்ப்பா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வலி இல்ல, மயக்கம் இல்ல. கால் மட்டும் என் பேச்சைக் கேட்கல. கண்டக்டர் 'வர்றியா, இல்லையா'ன்னு திட்டிட்டு விசில் அடிச்சுட்டார். பஸ் போயிடுச்சு. கொஞ்ச நேரத்துல எங்க வாத்தியார் சைக்கிள்ல மூச்சு வாங்க வர்றார். 'எழுதினாத்தானேடா கை நடுங்குது, வாயால சொல்லு. எல்லார்கிட்டயும் பேசி அனுமதி வாங்கிட்டேன்'ங்கிறார். அவரைப் பார்த்ததும் சாதாரணமா எழுந்து நின்னுட்டேம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு அந்தப் பரீட்சை."

எனக்கு என்னவோ உறுத்தியது. "தம்பி, இப்ப அங்க மணி என்ன?" என்று குறுக்கே புகுந்தேன்.

"மத்தியானம் ரெண்டுங்க."

எங்கள் சுவர்க் கடிகாரத்தில் காலை ஒன்பது. விரல் விட்டு எண்ணினேன். அவர்கள் கடிகாரம் நமக்கு ஐந்து மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அண்ணி முன்பு ஊழியம் செய்த நாட்டில் கடிகாரம் நமக்கு ஐந்து மணி நேரம் பின்னால். பழக்கதோஷத்தில் அதே கணக்கை இதற்கும் போட்டிருக்கிறார். இருவரும் குரல் பதிவிலேயே பேசிக்கொண்டதால் தப்பு வெளியே தெரியவில்லை.

"அண்ணி, நீங்க மூணு மணிக்கு ஜெபம் பண்ணினப்போ அங்க ராத்திரி எட்டு."

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஐயையோ! அப்ப பிள்ளை பரீட்சை ஹாலுல தவிக்கிறப்போ நான் தூங்கிக்கிட்டா இருந்தேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நடந்த அதிசயம் அவர் கண்ணிலேயே படவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கால் இரண்டையும் கட்டிப்போடச் சொன்னதை இந்தக் காதால் கேட்டவள் நான். தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

அவன் அந்தப் பரீட்சையில் தேறிவிட்டான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அன்றைய விடியற்காலையைப் பற்றி.

இந்த முறை கணக்கை நான் போட்டேன். அங்கே காலை பத்து என்றால் எங்களுக்கு ஐந்து மணி. அண்ணி கட்டிலருகே முழங்காலிட்டார். நானாகவே போய்ப் பக்கத்தில் முழங்காலிட்டேன். அவர் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "நீயே கேளும்மா" என்றார்.

எனக்கா பேச்சுக்குப் பஞ்சம்? என் வாயைப் பற்றித் தெருவையே கேளுங்கள். அன்று அந்த வாய் திறக்கவில்லை. கேட்கிறவர் ஒருவர் உண்மையாகவே இருக்கிறார் என்றால், சொன்ன சொல்லை அப்படியே எடுத்துப்போய்க் கடலுக்கு அப்பால் ஒரு பிள்ளையின் காலைப் பிடித்து வைக்கிறவர் என்றால், அவர் முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசிவிட முடியுமா? பயமாக இருந்தது. அழுகையும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கடைசியில் அவன் பெயரை மட்டும் மெதுவாகச் சொன்னேன்.