மந்திரிக்கு வாசித்துக் காட்டியவன்

மந்திரிக்குக் கண் மங்கிவிட்டது என்பது எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சூவாவில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்களாம். அதனால் அவர் மேசைக்கு வரும் எல்லாத் தாள்களையும் நான்தான் வாசிப்பேன். கையெழுத்து விழவேண்டிய இடத்தில் விரலை வைப்பேன், போடுவார். இருவருமே கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கதவைச் சாத்திவிட்டால் எங்களுக்குள் தமிழ்தான். வெளியே இருப்பவர்களுக்கு அது புரியாது.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பதவிக்கு வந்தவர் அவர். எங்கள் டாலரின் மதிப்பைக் குறைத்தாயிற்று, கரும்பு வெட்ட ஆளில்லை, டாக்டர்களும் வாத்தியார்களும் விசாவுக்கு வரிசையில் நின்றார்கள். வாராவாரம் வானொலியில், "யாரும் நாட்டை விட்டுப் போகாதீர்கள்" என்று உருகுவார். அந்த உருக்கத்தை எழுதி, அவரை மனப்பாடம் செய்யவைத்த பாவி நான்.

என் மனைவியும் மகளும் ஏற்கெனவே ஆக்லாந்து போய்விட்டார்கள். என் விசா அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அரசாங்க வேலையிலிருப்பவன் விமானம் ஏற வேண்டுமானால், வேலையிலிருந்து விடுவித்ததாக மந்திரி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். மூன்று முறை அதை வாசித்துக் காட்டினேன். மூன்று முறையும் "அப்புறம் பாப்போம்" என்று தள்ளி வைத்தார். வீட்டில் தனியாகச் சோறு வடிக்கும்போது அழுகை வரும்.

ஒரு நாள் காலையில் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"இதப் படிச்சு நெரப்புப்பா. வெளிய மூச்சு விடாத."

கனடாவில் குடியேற விண்ணப்பம். அவர், மனைவி, இரண்டு மகன்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பினேன்.

"என் கடுதாசி என்னாச்சுங்க ஐயா?"

"நீயும் போயிட்டா, நான் கெளம்புற வரைக்கும் எனக்கு யாருப்பா படிப்பா?"

மிரட்டலாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நிஜமாகவே கேட்டார். அதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

மறுநாள் கையெழுத்துக்கான தாள்களுக்கிடையே மூன்றாவதாக என் கடிதத்தைச் சொருகினேன். நகாசி சாலையைப் பழுதுபார்க்கும் உத்தரவு என்று சொல்லி, இல்லாத பள்ளங்களையெல்லாம் அடுக்கி வாசித்தேன். பாதியில் ஒரே பள்ளத்தை இரண்டு முறை வாசித்துவிட்டேன்.

"தண்ணி குடிச்சிட்டுப் படிப்பா. ஒண்ணும் அவசரமில்ல."

தன் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார். குடித்தேன். மீதியையும் வாசித்துவிட்டு விரலை வைத்தேன். போட்டார்.