வரவில்லை என்று யார் சொன்னது?

போன வாரம் ஒரு பெண்ணை அழுதுகொண்டே கடற்கரைக்கு ஓடவைத்தேன். நான் அங்கே இருக்கவில்லை. நான் எழுதிய மென்பொருள் இருந்தது.

இந்தப் பத்தி எழுதாத நேரத்தில் மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். கண்டக்குழி மீனவர்களுக்காக ஓர் ஆப் செய்தோம். கரை சேர்ந்ததும் படகுக்காரர் போனில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். பொழுதுபடும்வரை அழுத்தாவிட்டால் வீட்டுக்கு ஒரு மெசேஜ் போகும்... 'படகு திரும்பவில்லை.'

வடிவமைக்கும்போதே, என்னோடு வேலை செய்யும் றிஸானா தடுத்தார். என்னை அண்ணன் முறையில் நானா என்பார். "நானா, படகு எங்க கரை சேரும் எண்டு நமக்குத் தெரியாது. இடத்த இப்பவே முடிவு செய்ய வேணாம். 'தகவல் இல்லை' எண்டும் ஒரு நிலை வைப்பம்."

கேட்டேனா? கண்டக்குழிப் படகு கண்டக்குழிக்குத்தான் வரும் என்றேன். வந்தது, வரவில்லை – அவ்வளவுதான். தகவல் இல்லை என்று சொல்லும் ஆப்பை யார் மதிப்பார்கள்? நான் சீனியர் அல்லவா... நான் சொன்னபடியே முடிந்தது.

அந்தப் பெண் ஓடிய அன்று காற்று மாறியது. நஸீர் என்பவரின் படகு தெற்கே தள்ளுப்பட்டு, தலவிலை என்ற ஊரில் கரையேறியது. அவர் பட்டனை அழுத்தினார். இடம் கண்டக்குழி இல்லை என்று ஆப் ஏற்க மறுத்தது. போனில் சார்ஜும் தீர்ந்தது. அவர் பஸ் பிடித்து வருவதற்குள் மெசேஜ் வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் றிஸானாவோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். நஸீரின் மனைவி பரீதா ராத்தா, எனக்கு அக்கா வயது, உட்காரக் கதிரை போட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"அந்த மெசேஜ் ஆரு அனுப்பினது, தம்பி?"

"மெஷின்தான் ராத்தா..."

"அவர் வரல்ல எண்டு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

றிஸானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் கூசியது.

"அதுக்குத் தெரியாது ராத்தா. எனக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதினது நான்தான். இவ வேணாமெண்டு சொன்னவ."

ராத்தா பிள்ளைகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வாப்பா இனி வரமாட்டார் எண்டு புள்ளைகளுக்கும் சொல்லிட்டன், தம்பி."

தலை குனிந்தேன்.

நிச்சயமில்லாததை நிச்சயம்போல எழுதிவைப்பதற்கு எங்கள் தொழிலில் அனுபவம் என்று பெயர். தெரியாததற்கு இடம் விட்டு வைப்பதுதான் உண்மையான வேலை. அதைச் சொன்னவரின் வாயை நான் அடைத்தேன்.

இப்போது ஆப்பை றிஸானா மாற்றி அமைக்கிறார். அவர் சொல்கிறபடி நான் எழுதுகிறேன். படகு எந்தக் கரையிலும் ஏறலாம்.

நஸீரின் சின்ன மகள் மட்டும் பின்னேரமானால், வாப்பாவின் படகு வருகிறதா என்று பார்க்கக் கரைக்குப் போய் நிற்கிறாளாம். அவளுக்குக் கொடுக்க என்னிடம் எந்த அப்டேட்டும் இல்லை.